மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 14-ஆம் அதிகாரத்தின் 29-ஆம் வசனத்தில் இரண்டு பாதிகள் உண்டு. "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம்" என்பது முதற்பாதி. "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்", அதாவது சொல்லப்பட்டதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது பிற்பாதி. முதற்பாதியின் மேல் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். பிற்பாதியை எடுத்துக்கொண்டு ஒருவரும் ஒரு மணி நேரம் பேசி நான் கேட்டதில்லை. தீர்க்கதரிசனம், அந்நியபாஷை, குணமாக்குதல் போன்ற ஆவிக்குரிய வரங்களைக் குறித்து சபைகளுக்குள் இன்று எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி, நாம் வாசித்துவிட்டுக் கடந்துபோகிற இந்த இரண்டே சொற்களில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வரங்கள் அப்போஸ்தலரோடு நின்றுபோயின என்று கருதுகிறவன் அல்ல நான். ஆவியானவர் இன்றும் கொடுக்கிறார் என்று விசுவாசிக்கிற ஒரு சபையில் வளர்ந்து, இன்றும் அங்கேயே ஆராதிக்கிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் நடந்த மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தின் கடைசி இரவில், வெளியிலிருந்து வந்திருந்த ஊழியர் ஒருவர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டு, மூன்றாம் வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்த ஒரு சகோதரியை எழுந்து நிற்கச் சொன்னார். கணவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; அந்த ஊழியருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தார்களா என்பதை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. "இந்த மாதம் முடிவதற்குள் உன் புருஷன் இதே இடத்தில் நின்று சாட்சி சொல்லுவான் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். ஒலிபெருக்கியையும் மீறி எழுந்த 'ஆமென்' சத்தத்தில் என்னுடைய ஆமெனும் இருந்தது. பத்தொன்பதாம் நாள் அந்தச் சகோதரர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, "ஐயா, அவர் சொன்னது ஏன் நடக்கவில்லை?" என்று அந்தச் சகோதரி கேட்டபோது, "எங்கேயோ விசுவாசத்தில் ஒரு குறைவு இருந்திருக்கும், அம்மா" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். கணவரை இழந்தவரிடம்தான் கணக்குக் கேட்கப்பட்டதே தவிர, கர்த்தருடைய பெயரைச் சொல்லித் தவணை குறித்தவரிடம் ஒரு கேள்வியும் போகவில்லை. அடுத்த ஆண்டின் சுவரொட்டியிலும் அவர் படமே பெரிதாக இருந்தது.

மோசேயின் நியாயப்பிரமாணம் இந்த இடத்தில் நம்மைவிட நேர்மையாகப் பேசுகிறது. உபாகமம் 18:22-இன்படி, கர்த்தரின் நாமத்தினாலே சொல்லப்பட்ட காரியம் நடக்காமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, சொன்னவன் அதைத் துணிகரத்தினால் சொன்னான், "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." கேட்டவனுடைய விசுவாசத்தின் அளவைப் பற்றி அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பவுல் இந்த நிருபத்தை எபேசுவிலிருந்து எழுதியபோது கொரிந்து சபையில் வரங்களுக்குக் குறைவே இல்லை. ஒரு வரத்திலும் நீங்கள் குறைவுள்ளவர்கள் அல்ல என்று முதல் அதிகாரத்திலேயே அவர் ஒத்துக்கொள்கிறார். வரங்கள் நிறைந்திருந்த அதே சபையில்தான் கட்சி பிரிந்து சண்டையிட்டார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். வரம் இருப்பது ஒருவருடைய ஆவிக்குரிய முதிர்ச்சிக்கு அத்தாட்சி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அந்தச் சபைக்குப் பவுல் கொடுத்த ஒழுங்கு மிகவும் எளிமையானது: அந்நியபாஷையில் பேசுகிறவர்கள் மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்லுகிறவன் இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் சபையிலே பேசாமலிருக்க வேண்டும். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேர்; அதன்பின் நிதானிப்பு. பேச வந்த ஆவியை என்னால் அடக்க முடியவில்லை என்ற சமாதானத்துக்கும் அவர் இடம் வைக்கவில்லை. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்று எழுதிவிட்டார்.

'நிதானித்தல்' என்று நம் வேதாகமத்தில் வரும் வினைக்குக் கிரேக்கத்தில் நிற்பது 'டியாக்ரினோ', அதாவது பிரித்துப் பார்ப்பது. பன்னிரண்டாம் அதிகாரப் பட்டியலில் வரும் 'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்ற வரத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. 'மற்றவர்கள்' என்பது மற்றத் தீர்க்கதரிசிகளையா, சபையார் அனைவரையுமா என்பதில் வேத அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சபை முழுவதற்கும் அவர் எழுதியிருப்பதால், நான் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறேன். எந்தக் கருத்தை எடுத்தாலும், பேசினவரே தன் பேச்சுக்கு நீதிபதியாக இருக்க முடியாது என்பது மட்டும் மாறாது.

இங்கே நம்முடைய மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 12:7-ஐ நாம் மனப்பாடமாகச் சொல்லும் பழைய மொழிபெயர்ப்பு, "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்கிறது. கிரேக்கத்தில் 'அவனவனுக்கு' என்பது 'அளிக்கப்பட்டிருக்கிறது' என்பதோடு சேருகிறது. பிரயோஜனத்தைக் குறிக்கும் சொல்லோடு 'அவனவனுடைய' என்ற உடைமை இல்லவே இல்லை. ஒவ்வொருவனுக்கும் அளிக்கப்படுகிறது, பயன்படும்படி அளிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் பயன் யாருக்கு என்பதை அதிகாரத்தின் மீதிப் பகுதி, கண்ணும் கையும் காலும் ஒரே சரீரம் என்ற உவமையால் சொல்லிவிடுகிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதைப் 'பொது நன்மைக்காகவே' என்று பெயர்த்திருக்கிறது. ஒரு வேற்றுமை உருபு இடம் மாறியதால்தான் வரம் என்பது தனிச்சொத்தாயிற்று என்று சொல்லமாட்டேன். மனித மனத்துக்கு அதற்கு இலக்கணத்தின் துணை தேவையில்லை. ஆனாலும் "என் வரம்", "என் அபிஷேகம்", "என் ஊழியம்" என்று பேசிப் பழகிய காதுக்கு அந்தப் பழைய வாக்கியம் வசதியாகவே இருந்திருக்கிறது.

மேடைக்கு ஏற்ற வரங்களே வரங்கள் என்ற எண்ணமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ரோமர் 12-இல் பவுல் தருகிற பட்டியலில் அந்நியபாஷையும் இல்லை, குணமாக்குதலும் இல்லை. ஊழியஞ்செய்தல், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், இரக்கஞ்செய்தல் ஆகியவை இருக்கின்றன. 1 கொரிந்தியர் 12:28-இல் குணமாக்கும் வரங்களுக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவில் 'ஊழியங்கள்', 'ஆளுகைகள்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. முதலாவது, மூலத்தில், விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்கும் உதவி. இரண்டாவது, கப்பலில் சுக்கான் பிடிக்கிறவனுடைய வேலையிலிருந்து எடுத்த சொல். பவுல் ஏறிப்போன கப்பலைப் பற்றிய அப்போஸ்தலர் 27-இல் 'மாலுமி' என்று வருகிறவனுக்குக் கிரேக்கத்தில் இதே குடும்பப் பெயர்தான். ஆளுகை என்றதும் நமக்கு நாற்காலி நினைவுக்கு வருகிறது. பவுலுக்கு நினைவுக்கு வந்தது, காற்றைக் கவனித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிற ஒருவன்.

நான் மேலே சொன்ன சகோதரர் மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களில், எங்கள் சபையின் மூதாட்டி ஒருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்வந்தார். அவர் சபையில் வாய் திறந்து ஜெபித்து நான் கேட்டதில்லை. கைப்பையில் ஒரு சிறிய துண்டு, ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டி, ஒரு நகவெட்டி வைத்திருப்பார். நோயாளியின் கையைத் துண்டின்மேல் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகம் வெட்டி, வெட்டிய துணுக்குகளைக் காகிதத்தில் பொதிந்து, பிறகு உள்ளங்காலில் எண்ணெய் தடவிவிட்டு, ஒரு சங்கீதத்தைத் தாழ்ந்த குரலில் வாசித்துவிட்டு வந்துவிடுவார். மனைவி அந்த அரை மணி நேரம் தூங்குவார். இந்த மூதாட்டிக்கு வரம் உண்டா என்று சபையில் கேட்டால், "நல்ல மனசு" என்பார்கள். பவுலின் பட்டியலில் அதற்கு அற்புதங்களோடு ஒரே வாக்கியத்தில் இடம் இருக்கிறது.

குணமாக்குதலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய்க் கிடந்தார். பவுல் தம் சொந்த மாம்சத்தின் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லப் போகிறோம்?

நிதானிக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனம் எழுந்து நிற்கிறது. சங்கீதம் 105-ஐ முழுவதும் வாசித்துப் பார்க்கட்டும். கொஞ்சத் தொகைக்குட்பட்ட பரதேசிகளாய் ஒரு ஜனத்தைவிட்டு மறு ஜனத்தண்டைக்குப் போன ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் காக்கும்படி, ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொல்லப்பட்ட சொல் அது. அதிகாரத்தில் இருக்கிறவர்களிடமிருந்து எளியவர்களைக் காக்கச் சொல்லப்பட்ட வார்த்தையை எடுத்து, மைக் பிடித்திருக்கிறவரை விதவையின் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுத்துகிறோம். அதுவுமன்றி, புதிய ஏற்பாட்டில் அபிஷேகம் சபையார் எல்லோருக்கும் உரியது. "நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று" என்று யோவான் எழுதியது ஊழியர்களுக்கான தனி மடல் அல்ல. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று லூக்கா பாராட்டுகிறார்.

ஆதிச் சபை எவ்வளவு வெளிப்படையாக இதைச் செய்தது என்பதற்கு 'திதாக்கே' என்னும் சிறுநூல் ஒரு சாட்சி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாகக் கருதப்படும் இந்நூலின் கையெழுத்துப்படி 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறியது. ஒருவன் ஆவியில் பேசி எனக்குப் பணம் தாருங்கள் என்று கேட்டால் அவனுக்குச் செவிகொடுக்காதீர்கள். தேவையிலிருக்கிற மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதீர்கள் என்கிறது அது. அகபு என்னும் தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று அறிவித்தபோது அந்தியோகியாவில் நடந்ததும் அதுவே. பணம் சேகரித்தார்கள், அதை யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அனுப்பினார்கள். அகபுவின் பைக்கு ஏதாவது போனதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை.

மறுபக்கத்தில், இப்படிப்பட்ட சம்பவங்களைச் சுட்டிக்காட்டி வரங்களுக்கே கதவை அடைக்கிற சபைகளும் உண்டு. அந்நியபாஷை பேசுவதற்குத் "தடைபண்ணாதிருங்கள்" என்று 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தின் முடிவில் எழுதியிருப்பதால், அவர்களோடும் என்னால் போய்ச் சேர முடியவில்லை.

கடந்த ஆண்டு எங்கள் சபையின் மூப்பர்களிடம் ஒரு யோசனையை எழுதிக்கொடுத்தேன். சபையில் தீர்க்கதரிசனம் என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைப்போம், அடுத்த வாரத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து ஜெபித்து அதை நிதானிப்போம், நாள் குறித்துச் சொல்லப்பட்டது நடக்காமற்போனால் சொன்னவருக்கே எழுதிக் கேட்போம் என்பதே அந்த யோசனை. ஆவியானவரைச் சந்தேகிப்பது போல் ஆகிவிடும் என்று பதில் வந்தது. நோட்டு மட்டும் நான் வாங்கிவிட்டிருந்தேன். அந்தச் சகோதரியிடம் அனுமதி கேட்டு, அன்றைய இரவின் தேதியையும், சொல்லப்பட்ட வார்த்தைகளையும், அடக்கத்தின் தேதியையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே, ஆமென் சொன்னவர்கள் என்று ஒரு தலைப்பிட்டு என் பெயரையும் எழுதினேன். அதற்கடுத்த வரியில் தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார் அந்தச் சகோதரி.