மருந்து ஊருக்கு வரட்டும்

ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) மாத்திரைக்கோ ஹெராயினுக்கோ ஒருவர் அடிமையாகிவிட்டார் என்றால் கிராமத்தில் எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான்: எங்காவது தூரத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் விடுங்கள். ஒரு மாதம் கழித்து ஆள் தெளிவாகத் திரும்பி வருவார். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். எனக்கு அந்த நாளை நினைத்தால்தான் பயம்.

ஒரு மாதம் தொடாமல் இருந்ததில் உடம்பின் பழைய தாங்கும் சக்தி போய்விட்டிருக்கும். ஏக்கம் மட்டும் போயிருக்காது. மனம் தளர்ந்த ஒரு ராத்திரியில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ஆபத்தானவை.

அதைத் தடுக்க மருந்து இருக்கிறது: அதுவும் ஓபியாய்டு வகைதான், ஆனால் ஏக்கத்தை அடக்குவது. பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005லேயே அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது. "இதுவும் போதைதானே?" என்று கேட்கிறார்கள். சரியான அளவில் பியூப்ரெனார்ஃபின் எடுக்கும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கசப்பு கரையும்வரை பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் எழுந்து வேலைக்குப் போவார். அவ்வளவுதான்.

பிரான்ஸ் 1995ல் இந்த மாத்திரையைச் சாதாரணக் குடும்ப டாக்டர்களே எழுதித் தரலாம் என்று திறந்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் போதையை அளவு மீறி எடுத்ததால் வந்த சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவிலோ டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதியை எடுக்கவே 2022 கடைசி ஆகிவிட்டது. அதற்குள் என்னவெல்லாம் நடந்துவிட்டது! இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று சுமார் 4,000 பேர் வாழும் சின்ன ஊர். வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதில் 2015ல் அங்கே எச்.ஐ.வி. வெடித்துப் பரவியது. 200க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. ஊருக்கு இருந்தது ஒரே ஒரு டாக்டர்.

அதனால்தான் சொல்கிறேன், இதற்கென்று தனிக் கட்டடம் கட்ட வேண்டாம். சின்ன ஊரில் யார் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போதைக்கென்று தனி வாசல் வைத்தால் அந்தப் பக்கமே யாரும் வர மாட்டார்கள். காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போகிற அதே ஆஸ்பத்திரியில், அதே வரிசையில், அதே டாக்டரிடம் இந்த மருந்தும் கிடைக்க வேண்டும். மெத்தடோனுக்காக ஒருவரைத் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்யச் சொன்னால், எந்த முதலாளி அவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்?

தடுப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. பல் பிடுங்கியதற்கும் முதுகுப் பிடிப்புக்கும் ஒரு மாத ஓபியாய்டு வலி மாத்திரையை அள்ளித் தராமல், தேவையான சில நாட்களுக்கு மட்டும் தரலாம். மிச்சமானதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்றை மருந்துக்கடையில் வைக்கலாம்.

கடைசியாக நாலாக்சோன், அதாவது அளவு மீறி எடுத்தவரின் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து. உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்தான். ஆனால் கிராமத்துக்கு அது வந்துசேர அரை மணி நேரம் ஆகலாம். மூச்சில்லாமல் மூளை தாங்குவது சில நிமிஷங்களே. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் ஸ்பிரேயை ஒரே அழுத்து. மூச்சு வரவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் இன்னொன்று. இதைக் கற்றுக்கொள்ள டாக்டர் பட்டம் வேண்டாம். பள்ளி ஆசிரியர், கடைக்காரர், பஸ் டிரைவர், முக்கியமாக அடிமையானவரோடு ஒரே வீட்டில் தூங்குகிற அம்மா, இவர்கள் கையில் அது முதலில் இருக்கட்டும்.