கொங்கிறீட் ஒழுங்கையும் முழங்கால் தண்ணியும்

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டு திரிகிற அந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். புதுக் கொங்கிறீட் ஒழுங்கையில் புதுச் சப்பாத்தோடு முழங்கால் தண்ணிக்குள் நிற்கிற எங்கட பிரதேச சபை உறுப்பினர், பக்கத்தில் தண்ணி இறைக்கிற மெஷின், பின்னால் மதிலில் திரைநீக்கம் செய்த பெயர்ப்பலகை. படத்துக்கு விருப்பம் போட்டவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. மழைக்குள் இறங்கி நின்றதற்கு நானும் ஒன்று போட்டிருப்பேன். அதற்குக் கீழே எழுதியிருக்கிறாரே ஒரு வரி, "மக்கள் வாய்க்கால்களை மூடியதே வெள்ளத்துக்குக் காரணம்" என்று, அதுதான் இரவு நித்திரை கொள்ள விடவில்லை.

ஐயா, அந்த ஒழுங்கைக்கு வாய்க்கால் எப்போது இருந்தது, சனம் மூடுவதற்கு?

மண் ஒழுங்கையாக இருந்த காலத்தில் தண்ணி இரண்டு வேலியோரத்தாலும் ஓடும். பாதி மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் மதகடிக்குப் போகும். ஆவணியில் கொங்கிறீட் போட்டீர்கள். கார்த்திகையில் ஒழுங்கையே வாய்க்கால் ஆகிவிட்டது. இடையில் நடந்தது அவ்வளவுதான். புயல், அசாதாரண மழை என்று சாட்டுச் சொல்லவும் இது அந்த மழை இல்லை. ஒரு இரவு மழை.

கணக்குப் பார்ப்போம், கஷ்டமான கணக்கு இல்லை. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம் உள்ள ஒழுங்கை 300 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதன் மேல் மட்டும் 30,000 லீற்றர் விழும். 10,000 லீற்றர் பவுசர் மூன்றைக் கொண்டுவந்து ஒழுங்கைக்குள் திறந்துவிட்ட மாதிரி. கூரைத் தண்ணியும் வளவுத் தண்ணியும் இதற்குள் சேர்க்கவில்லை. முன்பு இதில் ஒரு பங்கை மண் குடித்தது. கொங்கிறீட் ஒரு சொட்டும் குடிக்காது. அப்போ அந்த மூன்று பவுசர் தண்ணி எங்கே போகும்?

நான் கேட்கிறது இந்த ஒரு கேள்விதான். தண்ணி எங்க போகும்? மதிப்பீடு போட்டபோது கேட்டிருக்க வேண்டும். கொங்கிறீட் கொட்ட ஓரப் பலகை அடித்தபோதாவது கேட்டிருக்க வேண்டும். திரைநீக்கத்துக்கு மாலையோடு போனபோதுகூட ஒருவரும் கேட்கவில்லை.

உயரக் கதைக்கு வருவோம். பழைய மண்ணை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே 4 அங்குலம் கிறவல் பரப்பி இறுக்கி, அதற்கு மேல் 6 அங்குலம் கொங்கிறீட் போட்டால் ஒழுங்கை 10 அங்குலம் உயர்ந்துவிடும். வளவுகள் உயரவில்லை. அவை அப்பு காலத்து மட்டத்திலேயே கிடக்கின்றன. நடு முதுகு கொஞ்சம் தூக்கி இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தது முறைப்படி சரி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சரிந்து வருகிற தண்ணியை ஏந்த ஓரத்தில் வாய்க்கால் இல்லை என்றால் அந்தச் சரிவு தண்ணியை நேரே படலைக்குள்தான் தள்ளும். முறைப்படி போட்டதே வினையாகிப் போன இடம் இது.

செய்திருக்க வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. முதலில் 10 அங்குலம் வெட்டி இறக்கியிருக்க வேண்டும், முடிந்த மட்டம் பழைய மட்டத்தோடு நிற்கிற மாதிரி. பிறகு மதகடி மட்டத்தையும் ஒழுங்கையின் தலைப்பு மட்டத்தையும் பார்த்து, 100 மீற்றருக்கு 30 சென்ரிமீற்றராவது விழுகிற மாதிரி ஓர வாய்க்காலுக்குச் சரிவு எடுத்திருக்க வேண்டும். மட்டம் பார்க்க மேசன்மாரிடம் இருக்கிற தெளிவான ரியூப் போதும். தண்ணி நிரப்பி, உள்ளுக்குக் காற்றுக் குமிழ் இல்லாமல் தட்டி எடுத்துவிட்டு, ஒருவர் தலைப்பில் பிடிக்க மற்றவர் கீழே பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து நிலத்துக்கு அளக்க வேண்டியதுதான். ஒழுங்கை நீளம் என்றால் இரண்டு மூன்று தரமாக மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். ஒரு பின்னேர வேலை. திரைநீக்கப் பலகைக்குச் செலவழித்த காசில் எத்தனை ரியூப் வாங்கலாம் என்று நான் கேட்கவில்லை.

எங்கட சனத்தையும் ஒன்று சொல்ல வேண்டும். கொங்கிறீட் போடும்போது எல்லாரும் ஓடிவந்து தடிப்புத்தான் அளக்கிறோம். "ஆறு அங்குலம் இருக்கோ, சீமெந்து காணுமோ." அதுவும் வேணும்தான். 3, 4 மீற்றருக்கு ஒரு மூட்டு வெட்டாவிட்டால் கொங்கிறீட் தானே தனக்கு விரும்பின இடத்தில் வெடிக்கும். இழுக்க லேசாக இருக்கும் என்று கலவைக்குள் தண்ணியைக் கூட்டினால் ஒரு மாரிக்குள் மேல்பூச்சு மாவாகப் போகும். ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். இதெல்லாம் பார்த்தோம், நல்லது. ஓரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்போ சனம் வாய்க்காலை மூடவே இல்லையா?" என்று கேட்க ஒரு ஆள் வரும் என்று தெரியும். மூடியிருக்கிறார்கள். இந்த ஒழுங்கையில் இல்லை, பிரதான வீதியோரத்தில். கேற்றுக்கு முன்னால் கல்லைக் கொட்டி நிரவி, உள்ளுக்கு ஒரு 4 அங்குலப் பைப்பைத் தாட்டுவிட்டு "தண்ணிக்கு வழி விட்டிருக்கிறோம்" என்கிறார்கள். 12 அங்குல ஹியூம் பைப் (கொங்கிறீட் குழாய்) போக வேண்டிய இடத்தில் 4 அங்குலம் போட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று நினைக்க வேண்டாம், வாயின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு ஷொப்பிங் பையும் இரண்டு தேங்காய் மட்டையும் போதும், அடைபட்டுவிடும். சரி, பிழைதான். ஆனால் அதை அகற்றச் சொல்லி அறிவித்தல் கொடுக்கிற அதிகாரம் ஆரிடம் இருக்கிறது? சபையிடம். கொடுத்தீர்களா? வாக்குப் போகும் என்று கொடுக்கவில்லை. இப்போது தண்ணி வந்ததும் சனத்தில் பழி.

அந்த ஒழுங்கையில் மூன்றாவது வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிப்பக்கம் திறக்கிற தகரப் படலை. கொங்கிறீட் உயர்ந்ததும் அது தட்டுப்பட்டுத் திறக்க முடியாமல் போனது. அந்த அம்மா மகனைக் கொண்டு படலையின் அடித் தகரத்தை ஒரு சாண் வெட்டுவித்தார். வெட்டின அந்த இடைவெளியால்தான் அன்று இரவு தண்ணி உள்ளே வந்தது. உரப்பைக்குள் மண் நிரப்பி வைத்துப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை. காலையில் கிணற்றைப் பார்த்தால் கட்டுக்கு மேலால் தண்ணி. மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே என்று எங்கட பக்கத்து வளவுகளைத் தெரிந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் நிலம், மேலே நின்ற அழுக்குத் தண்ணி கீழே போக நாள் எடுக்காது. இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். இந்த அம்மாவா வாய்க்காலை மூடினார்? அவர் மூடினது படலையைத்தான், அதுவும் மூடுப்படவில்லை.

இனி ஆரிடம் போவது? பாதிப் பேர் பிரதேச சபைக்குப் போக வேண்டிய விஷயத்துக்குப் பிரதேச செயலகத்துக்குப் போய் நிற்கிறார்கள். பிழை அவர்களில் இல்லை, பெயரே அப்படி. செயலகம் மத்திய அரசாங்க நிர்வாகம், விதானையார், அதாவது கிராம அலுவலர், அந்தப் பக்கம். சபை நாங்கள் வாக்குப் போட்டது. ஒழுங்கை சபைக்கு. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. கடைசியில் தண்ணி போய்ச் சேருகிற குளம் கமநலத் திணைக்களத்துக்கு. தண்ணிக்கு இந்த எல்லைகள் தெரியாது, அது ஒழுங்கையால் இறங்கி, பெருவீதி வாய்க்காலுக்குள் விழுந்து, மதகால் கடந்து, குளத்துக்குப் போகப் பார்க்கிறது. அதிகாரிகளுக்கு மட்டும் எல்லை நன்றாகத் தெரியும். "மதகு எங்களுடையது இல்லை" என்று சொல்ல ஒரு நிமிஷமும் எடுப்பதில்லை.

இவர்கள் எல்லாரையும் ஒரு மேசைக்கு இழுக்கிற இடம் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கட வடக்கு மாகாண சபை. 2013 இல் வாக்குப் போட்டோம், 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அந்த வருஷம் ஓகஸ்டிலேயே மாகாண எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்குப் போட்டார். பழைய முறையில் நடத்தவும் இல்லை, புது முறைக்கு எல்லையும் இல்லை. அன்று தொடக்கம் ஆளுநர். ஆளுநர் நல்லவரா கெட்டவரா என்பது என் கதை இல்லை. அவரை நாங்கள் வாக்கால் அனுப்பவும் இல்லை, வாக்கால் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

உள்ளூராட்சியும் அப்படித்தான். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப்போட்டு, உச்ச நீதிமன்றமே அடிப்படை உரிமை மீறல் என்று சொன்ன பிறகு 2025 மே 6 இல் நடந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் கேட்க ஒரு உறுப்பினரும் இல்லை. இப்போது இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். 2018 தேர்தலோடு நாடு முழுக்க உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரு மடங்கானது. ரியூப்பின் இரண்டு முனையையும் பிடிக்க ஆள் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

போன தடவை குப்பைப் பிரச்சினை எழுதியபோது ஒருவர் "நீங்கள் எந்தக் கட்சிக்கு வேலை செய்கிறீர்கள்" என்று கேட்டார். அதற்கு முதல் ஆட்சியில் இருந்தவர்களின் ஆட்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள், அதே சொற்களில். இரண்டு பக்கத்தாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. கனடாவில் இருந்து ஒரு அண்ணா, "அங்க இருக்கிற சனத்துக்கு நன்றி இல்லை, ரோட்டுப் போட்டுக் குடுத்தாலும் குறை" என்று எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கட பேஸ்மென்டுக்குள் தண்ணி வந்தால் நீங்கள் நகரசபைக்கு நன்றிக் கடிதமா எழுதுவீர்கள்? வேண்டாம், இதற்கு மேல் எழுதினால் நான் மரியாதை கெட்டவனாகிவிடுவேன்.

"முகநூலில் எழுதாமல் போய்க் கேளுங்கள்" என்றவர்களுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன், அது நியாயமான கேள்வி. தகவல் அறியும் உரிமைப் படிவம் 01 ஐ எடுத்து சபையின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். "வெள்ளம் ஏன் வந்தது" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. அங்கீகரித்த மதிப்பீடு, அளவீட்டுப் பட்டியல், வேலை நடுவில் மாற்றம் செய்திருந்தால் அந்த மாற்றக் கட்டளை, கடைசிக் கொடுப்பனவுக்கு அளந்த தாள். இந்த நாலின் பிரதியும் கேளுங்கள். வாய்க்கால் முதல் மதிப்பீட்டில் இருந்து பிறகு காணாமல் போனதா, இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே எழுதவில்லையா என்பது நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த 14 நாளுக்குள், மேன்முறையீடு கேட்கவென்று நியமித்த அலுவலருக்கு மேன்முறையீடு. ஒப்பந்தகாரரின் திருத்தப் பொறுப்புக் காலம், அதாவது வேலையில் பிழை வந்தால் அவரே திருத்த வேண்டிய காலம், முடிய முதல் கேட்பது முக்கியம், முடிந்து பிடித்து வைத்த காசையும் கொடுத்துவிட்டால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

சபைக்குக் கட்டுகிற ஆதன வரியை ஜனவரி 31 க்கு முதல் முழுதாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. அந்த ஒழுங்கைச் சனம் வருஷா வருஷம் அந்தக் கழிவுக்காகவே வரிசையில் நிற்கிறவர்கள். நன்றி கெட்ட சனம் என்று எழுதுவதற்கு முன் இதையும் ஒரு தரம் யோசியுங்கள்.

படத்தில் விழாத ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்பாட்டுகிறேன். மெஷினின் ஒரு பக்க ஹோஸ் தண்ணிக்குள் கிடப்பது எல்லாருக்கும் தெரிகிறது. மற்ற முனை எங்கே போகிறது என்று நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். மதகுக்கு இல்லை, மதகுக்குள் வாழைக்குற்றியும் ரெஜிபோம் பெட்டியும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. வேலிக்கு மேலால் எடுத்துப் பக்கத்து மண் ஒழுங்கைக்குள் விட்டிருக்கிறார்கள். அந்த ஒழுங்கைக்கும் அடுத்த வருஷப் பாதீட்டில் கொங்கிறீட் இருக்கிறதாம்.