ஹலப்ஜாவுக்கு ஏன் தடை வரவில்லை?

மனித உரிமையை மீறும் நாடுகள் மீது தடை விதிப்பது அமெரிக்காவின் கொள்கைப் பிடிப்பு என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சரி, ஈராக்கில் குர்து இன மக்கள் வாழும் ஹலப்ஜாவை எந்தக் கணக்கில் எழுதுவது? 1988 மார்ச் 16 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேனின் விமானங்கள் அந்த ஊரின் மீது விஷவாயுக் குண்டு போட்டன. சுமார் 5,000 பேர் செத்தார்கள். கைக்குழந்தையை அணைத்தபடியே வாசலில் விழுந்து கிடந்த தகப்பனின் படத்தை உலகமே பார்த்தது. ஆனால் சதாம் அப்போது ஈரானோடு போரிட்டுக்கொண்டிருந்தார், வாஷிங்டனுக்கு வேண்டப்பட்டவர். ஈரானுக்கும் இதில் பங்குண்டு என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மழுப்பியது. அதே ஆண்டு ஈராக் மீது தடை விதிக்க அமெரிக்க செனட் நிறைவேற்றிய மசோதாவை ரீகன் அரசு எதிர்த்தது. அது சட்டமாகவே இல்லை. அமெரிக்க தானியம் வாங்க ஈராக்குக்குக் கடன் உத்தரவாதம் மட்டும் அடுத்த ஆண்டும் கிடைத்தது.

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் நுழைந்தார் பாருங்கள், நான்கே நாளில் ஐ.நா. தடை! அங்கே எண்ணெய் இருந்தது. அப்புறம் 2003 ஈராக் படையெடுப்புக்கு நியாயம் தேடியபோதுதான் புஷ் அரசுக்கு அந்தக் குர்துகள் ஞாபகம் வந்தார்கள். சதாமுக்கு ஆயுதம் விற்ற சோவியத்தும் பிரான்சும் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லைதான்.