பொயட்டஸ் என்று கூப்பிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கவிதைக் கூட்டத்தில் நடந்ததை ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஐந்து பேர். ஆண்கள் நான்கு பேர் பொயட், பெண்ணான நான் மட்டும் பொயட்டஸ். அழைப்பிதழில், பேனரில், கடைசியில் கொடுத்த ஷீல்டில் என்று மூன்று இடத்திலும். கேட்டதற்கு, "மரியாதையாத்தானே மேடம் போட்டோம்" என்றார்கள்.

மரியாதையா? அந்த 'எஸ்' விகுதி கிரேக்கத்தில் 'இஸ்ஸா'வாக இருந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரின்சஸ், கவுன்டஸ் என்று அரண்மனைக்குள் இருந்தவரை கம்பீரமாகத்தான் இருந்தது. வேலை பார்க்கிற பெண்கள் மேல் ஒட்டியதும் சாயம் போய்விட்டது. கவர்னர் என்றால் மாகாணத்தை ஆள்பவர். கவர்னஸ் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அமர்த்திய சம்பளக்காரி. மாஸ்டர் எஜமான்; மிஸ்ட்ரஸ் என்ன ஆனாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரோஜினி நாயுடு 1947இல் ஐக்கிய மாகாணத்துக்கு ஆளுநரானார், பாத்திமா பீவி 1997இல் நம் ராஜ்பவனுக்கு வந்தார். யாராவது கவர்னஸ் என்றார்களா? ஆனால் அதே சரோஜினியின் கவிதை என்று வந்துவிட்டால் மட்டும் பொயட்டஸ்!

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' என்பதே பெண்ணுக்குரிய விகுதிதான். சீம்ஸ்டர் என்றால் தைப்பவள். அது பெண்ணைக் குறித்தது என்பதே நாளடைவில் மறந்துபோக, அதன் தலையில் இன்னொரு 'எஸ்' வைத்து சீம்ஸ்ட்ரஸ் ஆக்கினார்கள். பெண்ணுக்கு மேல் பெண்!

என் அம்மா முப்பது வருஷம் தைத்தார். வாசலில் தொங்கிய தகரப் பலகையில் சிவப்புப் பெயின்டில் 'டெய்லர்' என்று மட்டும்தான் இருக்கும். 'லேடீஸ் டெய்லர்னு போடட்டுமாம்மா' என்று பெயின்டர் கேட்டதற்கு, 'உன் பையன் டவுசரும் நான்தானேப்பா தைக்கிறேன்' என்றார்.

'தமிழில் நடிகை, ஆசிரியை என்கிறாயே' என்று ஒருவர் வருவார். என்கிறேன், பழக்கம். கவிஞர் என்று இருபாலுக்கும் பொதுவாக ஒரு சொல் கையிலேயே இருக்கும்போது கவிதாயினி எதற்கு என்பதுதான் என் கேள்வி. 'அப்போ லயனஸ்?' என்றார் இன்னொருவர். பெண் சிங்கம் மேடையேறிக் கவிதை படிக்கும் நாளில் பதில் சொல்கிறேன். 'ஆஸ்கரிலேயே பெஸ்ட் ஆக்ட்ரஸ் இருக்கே' என்றால், இருக்கிறது. பெர்லின் திரைப்பட விழாவில் 2021இலிருந்து நடிப்பு விருதுக்கு ஆண், பெண் பிரிவே கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'இவ்வளவு சின்ன விஷயத்துக்கா' என்பவர்களிடம்தான் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன், நான்கு தொகுப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு மற்ற நால்வரையும் அவரவர் கவிதையிலிருந்து இரண்டு வரி படித்துக்காட்டி அறிமுகம் செய்தார்கள். எனக்கு வந்தபோது, "நம் சகோதரி குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு எழுதுகிறார்." அந்த நால்வருக்கும் குடும்பம் இருக்கிறது, அதையெல்லாம் யார் கவனித்துக்கொள்கிறார்களாம்?

ஷீல்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜிகினாத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். இனிஷியலும் தப்பு.