மஞ்சள் முக்கோணம்

பாலையூற்றிலயிருந்து கொதிக்கிற வெயிலுக்குள்ள சைக்கிள் உழக்கி வந்து, உள்துறைமுகக் கரையில கட்டியிருந்த வள்ளத்துக்குள்ள ஏறிக் குந்தினால், லப்டொப்பில மஞ்சள் முக்கோணம். கோட் 10, அதாவது 'இந்தக் கருவியைத் தொடங்கேலாது' எண்டு விண்டோஸ் சொல்லுற பிழை. வள்ளக்கார அண்ணையின்ர பழைய ஜிபிஎஸ்ஸை லப்டொப்போட கொழுவ நான் கொண்டு வந்தது, நேற்றிரவு வீட்டில வடிவா வேலை செய்த அதே யூஎஸ்பி சீரியல் வயர்! இடையில நடந்தது ஒரேயொரு அப்டேட்.

"தம்பி, புள்ளியெல்லாம் கிடக்குதோ?" எண்டு அண்ணை ரெண்டாந்தரம் கேட்டிட்டார். பத்து வருசமா சேர்த்த மீன்பாறைப் புள்ளிகள் எல்லாம் அந்தப் பழைய ஜிபிஎஸ்ஸுக்குள்ள. அது பேசுறது 9 முள் இருக்கிற பழைய சீரியல் இணைப்பில, 4800 போட் (baud) எண்ட ஆமை வேகத்தில. சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி லேசான வேலை.

வயருக்குள்ள இருக்கிற சிப் பழசு, இல்லாட்டிப் போலி எண்டு அப்டேட்டோட வந்த புது டிரைவர் (வயரை லப்டொப்போட பேச வைக்கிற மென்பொருள்) கண்டுபிடிச்சு மறுக்குதாம். சரி, போலி செய்தவனைப் பிடி. காசு குடுத்து வாங்கின என்னை ஏன் வதைக்கிறாய்? 2014இல இன்னொரு கொம்பனியின்ர டிரைவர் போலிச் சிப்புகளின்ர அடையாள இலக்கத்தையே பூச்சியமாக்கி விட்டது, கணினிக்கு வயரையே அடையாளம் தெரியாமப் போச்சு. அதோட பார்த்தால் இது பரவாயில்லை.

பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் ஓடும். அடுத்த அப்டேட்டில திரும்பவும் முக்கோணம்.

கடைசியில விண்டோஸை விட்டிட்டு, பென் டிரைவில இருந்து லினக்ஸ். டிரைவர் அதின்ர கேர்னல் எண்ட மையப் பகுதிக்குள்ளயே இருக்கு, குத்தின உடன பிடிச்சுது. ஆனா திறக்க அனுமதி இல்லையாம். டயல்அவுட் எண்ட பயனர் குழுவில என்ர பேரைச் சேர்க்கவேணுமாம். மோடத்தால டெலிபோன் அடிச்ச காலத்துப் பேர். டயல்அவுட்! வள்ளத்துக்குள்ள!

அண்ணை பிளேன்டீ எடுக்கப் போயிட்டார்.