அவள் துணை நின்றவள் இல்லை, விவசாயி

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஒரு விவசாயக் குடும்பத்தின் மண்வீட்டுப் படத்தை நண்பர் ஒருவர் பதிவாகப் போட்டிருந்தார், அதன் கீழே ஒரு சண்டையும் நடந்தது. அந்த வீட்டுப் பெண்ணை "கணவரின் உழைப்புக்குத் துணை நின்ற இல்லத்தரசி" என்று எழுதியிருந்தார். பாராட்டாகத்தான் எழுதினார், தெரியும். ஆனாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

துணை நின்றாளா? அந்த வீட்டைப் பாருங்கள். மரமில்லாத புல்வெளியில், புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டியது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகும். சட்டியில் மண் விழாமலிருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டி வைப்பார்கள். விறகு கிடையாது, காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி எரித்தார்கள். நம்ம ஊர் வறட்டி மாதிரிதான். வந்த புதிதில் அருவருத்துக் குச்சியால் தள்ளி எடுத்தவள், அப்புறம் துணியால் பிடித்து எடுத்தாள், கடைசியில் வெறுங்கையால் அடுப்பில் போட்டுவிட்டு மாவு பிசைந்தாள். கோதுமை பொய்த்த வருஷம் வீட்டுக்கு உப்பும் காப்பியும் வாங்கியது அவள் வெண்ணெயும் முட்டையும் விற்ற காசு. 1874இல் வெட்டுக்கிளி வந்தபோது காய்கறிப் பாத்திமேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். வெட்டுக்கிளி போர்வையையும் தின்றது. இதற்கு நடுவில்தான் பிள்ளைப்பேறும், பக்கத்தில் வைத்தியர் இல்லாத காய்ச்சலும், குழந்தையைப் புதைப்பதும்.

இவள் விவசாயி. விவசாயியின் மனைவி மட்டும் இல்லை, விவசாயி.

1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவனுக்குத் தொழில் 'விவசாயி', அவளுக்கு 'வீட்டைப் பராமரிப்பவள்'. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் மனு போடலாம். சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886இல் எடுத்த படத்தில் நிற்கிற கிரிஸ்மன் சகோதரிகளில் சிலர் அப்படித் தங்கள் பெயரிலேயே நிலம் எடுத்தவர்கள். ஆனால் கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த வழி கிடையாது. அதே கைதான், அதே மண்தான்.

"ஆண்கள் உழைக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். உழைத்தார்கள். அவர்கள் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. "அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம்தானே?" ஆமாம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. 1870களில் பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் நெப்ராஸ்காவை விட்டே போக வேண்டியதாயிற்று. அதற்கு முன் அங்கே மக்காச்சோளம் விதைத்து அறுத்தவர்களும் பாவ்னிப் பெண்கள்தான். அவர்களை யார் விவசாயி என்று எழுதினார்கள்?

"அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் பார்க்காதே" என்றார் ஒருவர். இதுதான் என்னைச் சுட்டது. எந்தக் காலம் ஐயா?

எங்கள் அப்பத்தா கடலைக்காட்டில் களை எடுத்தே வாழ்ந்தவள். விடியுமுன் பால் கறந்துவிட்டுக் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். தாத்தா செத்த பிறகு ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் கூட்டிப்போனேன். கட்டைவிரலில் மை தடவி அமுக்கினார்கள். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு தடவை. வெறும் கறுப்பு வட்டம். "தேஞ்சுபோச்சுய்யா" என்று சிரித்தாள். அந்த விரலைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த ஊழியர் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிலத்தின் பட்டா கடைசிவரை அவள் பெயருக்கு வரவில்லை.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். நண்பரே, உங்கள்மேல் கோபமில்லை. பதிவை நீக்க வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, 'விவசாயி' என்று போடுங்கள்.