பிரைம்95 தாங்கினால் போதுமா?

பிராசசரை வாட்டிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் ஒரு மணி நேரம் பிழையில்லாமல் ஓடினால் ஓவர்க்ளாக் (பிராசசரை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) நிலையானது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கேம் ஆடுபவர்களுக்கு அது பாதி சோதனைதான். பிரைம்95 எல்லா கோர்களையும் ஒரே சீராக வாட்டும்; கேமில் லோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏஎம்டியின் ரைசன் பிராசசரில் வோல்டேஜை மாற்றும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பை மைனஸில் வைத்து வோல்டேஜைக் குறைத்தால், ஒன்றிரண்டு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் போதாமல் பிசி பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். அதைப் பிடிக்க கோர்சைக்ளர் என்ற சோதனைக் கருவிதான் சரி, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

அப்புறம், கேம் கிராஷ் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் 19 (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) என்று மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசைகட்டி நிற்கின்றனவா பாருங்கள். பிழையை ஹார்ட்வேரே திருத்திக்கொண்டு சமாளிக்கிறது என்று அர்த்தம். அன்ரியல் எஞ்சின் 5 கேம்களில் ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) கம்பைல் ஆகும் நேரமும் பிராசசருக்கு நல்ல பரீட்சை.